தும்பிக் குஞ்சும் நீல இங்க்கும்

மகளின் இங்க் பாட்டிலைத் திறந்ததும் வந்த வாசனையில், இன்று கார் பார்க்கிங்காகிவிட்ட எங்கள் சேலையூர்க் குட்டை பாசியும் தவளைச் சத்தமுமாகத் திரும்பி வந்துவிட்டது. பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டு வில்சனும் நானும் அதன் கரையிலேயே கிடப்போம். கால் நனையாமல் நீர்மேல் சறுக்கும் பூச்சிகளும் ஓயாமல் வட்டமடிக்கும் கறுப்பு வண்டுகளும் அவனுக்கு; எனக்கோ, இறக்கை முளைக்கும்வரை தண்ணீருக்குள்ளேயே வாழும், கரையில் எடுத்துவிட்டால் ஆறு காலையும் இழுத்து இழுத்து நடக்கும், தண்ணீரில் விட்டதும் அதே கால்களை மடக்கிக்கொண்டு விருட்டென்று பாயும் அந்த அழுக்கு நிறத் தும்பிக் குஞ்சுதான்.

"பாத்தியா, காலே ஆடல. பின்னாடி தண்ணிய பீச்சித்தான் போவுது," என்றேன்.

"இன்னா, ராக்கெட்டா அது? நீ சொல்றது மட்டும் நிஜமா இருந்தா, சாவுற வரைக்கும் உன்ன டீச்சர்னு கூப்புடுறேன்," என்று சிரித்தான் வில்சன்.

மறுநாள் வெள்ளைப் பீங்கான் தட்டில் குட்டைத் தண்ணீரை ஊற்றி, குஞ்சை விட்டு, அதன் வால்பக்கம் ஒரு சொட்டு நீல இங்க்கை மெதுவாக இறக்கி, ஈர்க்குச்சியால் தொட்டேன். குஞ்சு முன்னே பாய்ந்தது. பின்னால் நீலக் கோடு ஒன்று நேராகப் பீறிட்டது. வில்சன் ஈர்க்குச்சியை என் கையிலிருந்து பிடுங்கி, தானும் ஒருமுறை தொட்டுப் பார்த்தான்.

நான் பேங்கில் வேலை பார்ப்பவள். ஆனாலும் போன வாரம் தாம்பரம் ஸ்டேஷனில், தலை நரைத்துப்போன வில்சன் எதிர் பிளாட்பாரத்திலிருந்து "டீச்சர்!" என்று கத்தியபோது, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நிமிர்ந்து நின்று கையை ஆட்டினேன்.