லெஸ் கோடார்டின் ஓய்

இங்கிலாந்தின் டெட்ஃபோர்ட் சந்தையில் லெஸ் கோடார்டின் காய்கறிக் கடைக்குப் பக்கத்துக் கடை என்னுடையது. முட்டை வியாபாரம். முப்பது வருடமாக அந்த ஆளின் 'ஓய்!' என் காதைக் குடைந்திருக்கிறது. தக்காளியை அமுக்கிப் பார்க்கிறவளுக்கு ஒரு ஓய், டீ ஆறிப்போகிறது என்று எனக்கு ஒரு ஓய், நடைபாதையில் சைக்கிள் விடுகிறவனுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு ஓய். மனைவி பிரெண்டாவைக் கூப்பிடும்போது மட்டும் கடைசியில் கொஞ்சம் இழுப்பான். அதைக் கொஞ்சல் என்று சொன்னால் அடிக்க வருவான்.

பிப்ரவரியில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சு போயிற்று. மிஞ்சியது அந்த ஒரே சொல். கடவுளுக்கு நக்கல் ஜாஸ்தி.

ஆறு வாரம் கழித்து நகரக் கவுன்சிலிலிருந்து மிஸ் ஹேவர்ஸ் என்கிற பெண் ஃபைலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவன் வீட்டுக்குப் போகலாமா, முதியோர் இல்லத்துக்கா என்று எழுத வேண்டியது அவள்தான். பிரெண்டா என்னையும் துணைக்கு இழுத்து வந்திருந்தாள்.

"மிஸ்டர் கோடார்ட், உங்களுக்கு எங்க இருக்கணும்னு ஆசை?"

"ஓய்," என்றான் லெஸ், ஜன்னலைப் பார்த்தபடி.

"வீட்டுக்குப் போகணும்ங்கிறார், கண்ணு," என்றாள் பிரெண்டா, பட்டென்று.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது வீட்டு ஆசை ஓய் இல்லை; மழை பிடித்து ஒரு ஆளும் வராத நாளில், 'போதும், இனி பிரயோசனமில்லை, கடையைக் கட்டு' என்று கைவிடும்போது அவன் போடுகிற ஓய். அவளுக்கா தெரியாது?

"உங்களுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆகியிருக்காமே? தனியா இவரைத் தூக்கிப் பிடிக்க முடியுமா?"

"அதெல்லாம் சமாளிச்சுக்குவேன்."

"ஓய்!" லெஸ் இடது கையால் கட்டிலை அறைந்தான்.

"இப்ப என்ன சொல்றார்?"

பிரெண்டா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். இன்னொரு பொய்யையும் சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"நான் பொய் சொல்றேனாம்," என்றாள் பிரெண்டா. "இவரைத் தூக்கித் தூக்கி நான் முதுகு ஒடிஞ்சு சாவேனாம். இல்லத்துல கொண்டுபோய்ப் போடச் சொல்றார், முட்டாள் கிழவன்."

மிஸ் ஹேவர்ஸ் பேனாவின் மூடியைக் கழற்றினாள். "அப்ப, அவரோட விருப்பம் வந்து..."

"அவர் விருப்பத்தைக் கேட்டாச்சு. என்னோடதை யாரு கேட்டா? அங்க இருக்கறவங்களுக்கு இவர் தண்ணி கேக்கறாரா, வலிக்குதுங்கறாரான்னு எப்படிம்மா தெரியும்? சத்தம் போடறார்னு கதவைச் சாத்திட்டுப் போவாங்க."

மிஸ் ஹேவர்ஸ் அவன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா, மிஸ்டர் கோடார்ட்? நீங்க என்ன சொல்றீங்க?"

லெஸ் பிரெண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுத்து ஒரு ஓய்கூடப் போடவில்லை.

மிஸ் ஹேவர்ஸ் அவன் பதிலுக்குக் காத்திருந்தாள். அப்புறம் குனிந்து எழுதத் தொடங்கினாள்.

"வீட்டுக்கு அனுப்ப அவருக்கு ஆட்சேபம் இல்லைன்னு எழுதிக்கறேன்," என்றாள்.