மாமாவின் பெட்டியடுப்பு

என் தாய்மாமனுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. கொல்லிமலையில் அவன் ஏறி இறங்காத மேடு கிடையாது என்பாள் அம்மா. அதைப் பெருமையாகச் சொல்கிறாளா நொந்து சொல்கிறாளா என்பது அன்றைக்கு அவள் அடுப்பு எப்படி எரிகிறது என்பதைப் பொறுத்தது. வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரையின் பங்களாவில் மாமா பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்குப் போனார். சாமை விதைத்த கையோடு போனவர் களையெடுக்கவும் வரவில்லை, அறுக்கவும் வரவில்லை. அவர் மனைவி, என் அத்தை, ஒற்றை ஆளாகக் களையெடுத்தாள், ஒற்றை ஆளாக அறுத்தாள். தானியத்தைக் குதிரில் கொட்டி மூடிவிட்டு, மலையின் இன்னொரு பகுதியான ஆலத்தூர் நாட்டில் இருந்த தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். யார் மேல் தப்பு என்றெல்லாம் எனக்கென்ன தெரியும்? அத்தை போனதிலிருந்து என் தலையில் பேன் பார்க்க ஆளில்லை. அம்மா சீவினால் மண்டைத்தோல் கையோடு வந்துவிடும். அத்தை கதை சொல்லிக்கொண்டே பார்ப்பாள், தூக்கம் வந்துவிடும். எனக்கு அவள் வேண்டும், அவ்வளவுதான்.

அறுப்பெல்லாம் முடிந்த பிறகு மாமா வந்து சேர்ந்தார், தோளில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு. அதைக் கேள்விப்பட்டோ என்னவோ, அத்தையின் அப்பா பேச வருவதாகச் சேதி வந்தது. எங்கள் பக்கத்தில் இப்படிப் பேச வருகிறவர்கள் வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டார்கள். பேச்சு ஒத்துவந்தால் அந்த வீட்டில் சாப்பிடுவார்கள். ஒத்துவராவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போவார்கள். அதோடு உறவு முடிந்தது, பெண் வேறொருவனைக் கட்டிக்கொள்ளலாம். அம்மா விடிந்ததும் விடியாததுமாக மாமா வீட்டில் சாமைச் சோறும் அவரைக் குழம்பும் ஆக்கி வைத்துவிட்டு, வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

மாமாவோ வீட்டுக்குப் பின்னால் அடுப்புக் கட்டிக்கொண்டிருந்தார். பங்களாவில் இரும்புப் பெட்டி போல ஓர் அடுப்பு உண்டாம். கிழங்கைத் தோலோடு உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால், தண்ணீரும் இல்லாமல் சாம்பலும் படாமல் பூவாக வெந்து வருமாம். அது எப்படி இருக்கும் என்று அத்தை எப்போதோ கேட்டிருக்கிறாள். அதைச் செய்து அவள் கையில் கொடுத்தே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றார். சீமெண்ணெய் டின் ஒன்றைப் படுக்க வைத்து, மேலெல்லாம் புற்றுமண்ணை அப்பி, அடியில் விறகைச் செருகினார். அந்தப் பெட்டிக்குள் சூடு எப்படிச் சுற்றி வருகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் பூச்செடிப் பக்கத்து ஜன்னல் வழியாகத்தான்.

"ஏன்டா தம்பி, சாம்பல்ல பொதைச்சா மரவள்ளியாட்டம் வெந்துட்டுப் போவுது. ஆளு வார நேரத்துல உனக்கு எதுக்கு இந்தக் கூத்து?" என்றாள் அம்மா.

"சாம்பல்ல சுட்டது அவுங்கப்பன் ஊட்டுலயே கெடைக்கும். நீ பேசாம போக்கா."

மாமா குந்துவார், எழுந்திருப்பார். தகரக் கதவைத் திறந்து ஈர்க்குச்சியால் கிழங்கைக் குத்துவார், மூடுவார். எங்கேயாவது நாய் குரைத்தால் வழிவரைக்கும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடியும் திறப்பார். உள்ளே இருந்த சூடு முழுக்க எங்கள் முகத்துக்கே வந்தது. நானும் அவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன். 

வெயில் ஏறிய பிறகு வந்தார்கள். அத்தையின் அப்பா பலா மரத்தடியில் உட்கார்ந்தார். அத்தை அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றாள். நான் ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"எம்புள்ள ஒத்தையா அறுத்தாளுங்க. இனி எதை நம்பி உட்டுட்டுப் போறது?" என்று கேட்டார் அவர்.

அம்மா என்னென்னவோ சமாதானம் சொன்னாள். ஊரையே விலை பேசும் என் மாமா பின்பக்கத்து அடுப்புப் புகையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் தடியை ஊன்றி எழுந்தார்.

"ஒரு வாய் சாப்புட்டுப் போலாமுங்க," என்றாள் அம்மா.

"இருக்கட்டும் அம்மிணி."

மாமா பின்பக்கம் ஓடினார். ஒரு வாழையிலையில் கிழங்குகளை அள்ளிக்கொண்டு ஓடி வந்தார். எல்லாம் அடிப்பக்கம் கரியாய்க் கிடந்தன.

"இது சோறு இல்லீங்க. வெறும் கெழங்குதானுங்க," என்று நீட்டினார். அப்போதுதான் அத்தை நிமிர்ந்து பார்த்தாள். கிழங்கை அல்ல, மாமாவின் கையை. விரலெல்லாம் கொப்புளம். பெரியவர் தன் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் உட்கார்ந்தார்.

ஒன்றை எடுத்துக் கரியைச் சுரண்டிவிட்டுக் கடித்தார். வெகுநேரம் மென்றார். எனக்கும் ஒன்று கிடைத்தது. ஆசையாகக் கடித்தேன், நறுக்கென்றது. உள்ளே அத்தனையும் பச்சை. துப்பிவிட்டு, வேகவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை என்னை இழுத்து மடியில் போட்டு, என் தலைமுடிக்குள் விரலை விட்டாள்.

"பூவாட்டம் வெந்திருக்குதுங்க மாப்பிள்ளை. இன்னொண்ணு குடுங்க," என்றார் பெரியவர். இரண்டாவதையும் தின்று முடித்துவிட்டு அம்மாவிடம் தண்ணீர் கேட்டார். அம்மா இலை போட ஓடினாள்.

அவர் போன பிறகு, பாவம், அந்தத் தாத்தாவுக்கு வெந்தது எது வேகாதது எது என்றே தெரியவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆலத்தூர் நாட்டுக்காரர்களுக்கு நாக்கில் ருசியே கிடையாது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன், என் மகள் ஒருநாள் புருஷன் வீட்டை விட்டுத் துணிமூட்டையோடு என் வாசலில் வந்து நின்றவரைக்கும்.