மாட்டிக்கொண்டவனுக்குப் போன வெற்றி

காய்ந்த நிலக்கடலைத் தோலின்மீது கால் பட்டால் எழும் நொறுங்கல் ஓசையைக் கொண்டே, ஓடுகிறவன் மூட்டை அடுக்கின் எந்தப் பக்கத்தில் இருக்கிறான், செருப்புக் காலா வெறுங்காலா என்பதை என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடிந்த காலம் ஒன்று இருந்தது. திண்டிவனத்தில் எங்கள் தெருக்கோடியில், நிலக்கடலையைக் காயவைத்து மூட்டை கட்டி அடுக்கும் "மல்லாட்டைக் களத்தில்", கோடை விடுமுறை மாலைகளில் ஆடிய "திருடன் போலீஸ்" ஆட்டத்தில் நானே போலீஸ். யாரும் இரங்கிக் கொடுத்த பதவியன்று அது. காதையும் காலையும் கொண்டு நான் ஈட்டியது.

போலீஸ் ஒருவன், திருடர் நால்வர் என்னும்போது இரு தரப்பையும் ஒரே கோலால் அளப்பது எளிதன்று. ஆகவே நாங்கள் விதி வகுத்திருந்தோம். மூட்டைகளுக்கிடையே ஒளிந்திருப்பவர் களத்தின் வாயிற்கதவைத் தாண்டி ஓடிவிட்டால் தப்பியவர். அதற்குள் நான் தொட்டுவிட்டால் மாட்டியவர். மூவரைப் பிடித்தால் எனக்கு வெற்றி; மூவர் தப்பினால் எனக்குத் தோல்வி, பதவியும் போய்விடும். இரண்டுக்கு இரண்டென்றால் "டிரா". அப்போது பழைய போலீஸே நீடிப்பான்.

ஓராண்டு விடுமுறைக்கு விழுப்புரத்திலிருந்து என் அத்தை மகன் குமரவேல் வந்தான். படிப்பில் என்னைவிடக் குறைந்தவன், ஓட்டத்திலும் அப்படியே. ஆயினும் அவன் வந்து சேர்ந்த மறுநாளே என் தந்தையார், "குமாரு வந்தாத்தான் ஊடு ஊடா கீது" என்று என் முன்னாலேயே அம்மாவிடம் சொன்னார். வகுப்பில் முதலாவதாக வந்த மகனைப் பற்றி அவர் அப்படி ஒரு சொல் சொல்லிக் கேட்டதில்லை. அந்த மாலையிலிருந்தே அவனைப் பிடித்துக் காட்ட வேண்டும் என்பது எனக்கு விளையாட்டாக இல்லாமற் போயிற்று.

அன்று திருடர்கள் குமரவேலும், எங்கள் தெருப்பிள்ளைகளான பாபு, சலீம், வசந்தா ஆகிய மூவரும். பாபுவை முதலிலேயே பிடித்துவிட்டேன். குமரவேல் ஒளிந்திருந்த இடம் கதவுக்கு மிக அருகில். நான்கு எட்டு வைத்திருந்தால் வெளியே போயிருப்பான். சலீமும் வசந்தாவும் உட்புற மூலையில், நான் நின்ற இடத்தைக் கடக்காமல் வெளியேற முடியாத நிலையில் இருந்தார்கள். இன்னும் இருவரைப் பிடித்தால் வெற்றி எனக்கு. அந்நேரம் குமரவேல் கதவை விட்டுத் திரும்பி, தோல் குவியலின்மேல் ஏறி வேண்டுமென்றே மிதித்துக்கொண்டு கத்தினான்.

"மச்சான், இங்கதான் கீறேன். போலீசுக்குக் கண்ணு தெரியலயா?"

நான் துரத்தினேன். என்னைக் களத்தின் மறுகோடிவரை இழுத்துக்கொண்டு போய், அங்கே சிரித்தபடி என் கையில் அகப்பட்டான். நான் திரும்பிப் பார்த்தபோது மற்ற இருவரும் கதவுக்கு வெளியே நின்று குதித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டுக்கு இரண்டு. ஆனால் பாபு ஒப்பவில்லை. "அவனா வந்து மாட்டினான். நீ எங்க புடிச்சே? திருடங்கதான் ஜெயிச்சாங்க" என்றான். எப்படி அகப்பட்டாலும் அகப்பட்டவன் அகப்பட்டவனே என்று நான் வாதிட்டேன். இன்றும் அதையே வாதிடுவேன். திருடனின் தொழில் தப்புவது. தப்பாதவனுக்கு வெற்றி என்றால் போலீஸ் எதற்கு? வழக்கு களத்துக் காவல்காரர் ஏழுமலையிடம் போயிற்று.

"ரெண்டு உள்ள, ரெண்டு வெளிய. டிராதான். போலீசு போலீசாவே இருக்கட்டும். கதவ சாத்தணும், ஜல்தி கெளம்புங்க" என்றவர், குமரவேலின் தோளைத் தட்டி, "ஆனா ஆட்டம் பாக்க நல்லா இருந்துச்சிப்பா" என்றார். தீர்ப்பு எனக்கு, தட்டு அவனுக்கு.

மறுநாள் வசந்தா, "இன்னிக்கி குமாரு போலீசா இருக்கட்டுமே" என்றாள். டிரா என்றால் பதவி என்னுடையது என்று விதியை எடுத்துரைத்தேன். சலீம் மறுத்துப் பேசவே இல்லை. "சரிப்பா, நீயே வெச்சிக்கோ. நாங்க வேற ஆட்டம் ஆடிக்கினு இருக்கோம்" என்று சொல்லி, மற்றவர்களோடு கதவுக்கு வெளியே போய்விட்டான். குமரவேல் மட்டும் திரும்பி, "நீயும் வா மச்சான்" என்று அழைத்தான். நான் போகவில்லை. திருடர் எவரும் இல்லாத களத்தில் போலீஸாக நின்றுகொண்டு, வெளியே எழுந்த சிரிப்பில் அவன் குரல் எது என்று பிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

களம் இருந்த இடத்தில் இப்போது இருசக்கர வாகனங்கள் விற்கிறார்கள். ஏழுமலை இல்லை, பாபு இல்லை, வளைகுடா நாட்டுக்குப் பிழைக்கப் போன சலீமும் அங்கேயே காலமானான். அந்தத் தீர்ப்பைக் காதால் கேட்டவர்கள் நாங்கள் மூவரே மிச்சம்.

அண்மையில் திருவாமாத்தூரில் நடந்த குமரவேலின் பேத்தி திருமணத்தில் மூவரும் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தோம். அருகே பிள்ளைகள் கைப்பேசியில், ஒரு வேட்டைக்காரன் நான்கு பேரைத் துரத்தும் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். இருவர் செத்து இருவர் தப்பியதும், "டிரா, அடுத்தது போடு" என்றான் ஒருவன். வழக்கு இல்லை, வாதம் இல்லை. வசந்தா பேச்சைத் தொடங்க அது போதுமானதாக இருந்தது. பழைய கதை முழுவதையும் அவர்களுக்குச் சொல்லி, "அன்னிக்கி மாட்டிக்கினே ஜெயிச்சது இந்தத் தாத்தாதான்" என்று குமரவேலைக் காட்டினாள்.

அவன் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அதெல்லாம் இல்ல. அன்னிக்கி ஜெயிச்சது மச்சான்தான். நான் வேணும்னு ஓடியாந்தாலும், தொரத்திப் புடிச்சது அவரு காலு தானே?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். இத்தனை காலம் நான் எதிர்பார்த்திருந்த தீர்ப்பு அது. அதை வழங்கியவன் அவன். என்ன பெருந்தன்மை என்று சுற்றியிருந்தவர்கள் முகமெல்லாம் மலர்ந்து கைதட்டினார்கள். தட்டியது எனக்கல்ல என்பது தெரியாத வயதா எனக்கு?

தட்டாமல் இருந்தால் நன்றாயிராது என்பதால் நானும் தட்டினேன்.