இல்லாத மகளுக்கு ஓர் இடம்

இல்லாத மகளை மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கூட்டிக்கொண்டு வருவதாக ஒப்புக்கொண்டு கண்ணாடியக்கா போனை வைத்தாள். வைத்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

பேசியவர் கல்லூரி அலுவலகத்து எழுத்தர். "உங்க பொண்ணு விண்ணப்பத்துல ஏகப்பட்ட குளறுபடிங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒரிஜினல் சர்டிபிகேட்டோட பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. ஒரு மணிக்குப் பட்டியல் ஒட்டிடுவோம். இயற்பியல்ல ஒரே ஒரு இடம்தான் பாக்கி. வரலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும், அப்புறம் எங்களைச் சொல்லாதீங்க" என்று மூச்சு விடாமல் பேசினார். "சரிங்க சார், கூட்டிட்டு வந்துடறேன்" என்று பதில் சொன்ன வாய் இவளுடையதுதான். இவளுக்கு இருப்பதோ இரண்டு மகன்கள். மூத்தவன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, இளையவன் ஒன்பதாம் வகுப்பு. மகள் என்று ஒருத்தி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. விண்ணப்பம் போட்டதும் தனக்குத்தான்.

"யாரும்மா போன்ல? முகம் ஏன் இப்படிப் போகுது?" என்றார் முதலாளி.

"காலேஜ்லேருந்து. பொண்ணைக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க."

"உனக்கு ஏது பொண்ணு?"

"அதான் முதலாளி எனக்கும் தெரியல."

முதலாளி தன் கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். விவகாரம் தன் தலைக்கு மேலே போகிறது என்றால் அவர் செய்வது அதுதான்.

ஊரே கண்ணாடியக்கா என்று கூப்பிடும் அவள் அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்து இருபத்துநான்கு வருஷம். பன்னிரண்டாவது முடித்த கையோடு அப்பா படுத்த படுக்கையாகிவிட, "ரெண்டே மாசம்" என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த இரண்டு மாதம் இன்னும் முடிந்தபாடில்லை. வந்தவர் கருவிழிக்கு நேராக மாதிரிக் கண்ணாடியில் மார்க்கரால் புள்ளி வைப்பாள். சாணைச் சக்கரத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட லென்ஸின் ஓரத்தைத் தேய்ப்பாள். ஃப்ரேமைச் சூட்டில் காட்டி, காதுக்குப் பின்னால் பதமாக வளைத்து விடுவாள். கடுகைவிடச் சின்னத் திருகாணி கீழே விழுந்தால், விழுந்த சத்தத்தை வைத்தே எங்கே என்று எடுத்துவிடுவாள். கட்டிக்கொண்டவர்கூடக் கடைக்கு வந்தவர்தான். லிஃப்ட் மெக்கானிக்கான அவர், உடைந்த கண்ணாடிக் காலை ஒட்டித் தரச் சொல்லி மூன்று முறை வந்தார். நான்காவது முறை வந்தபோது கண்ணாடி உடைந்திருக்கவே இல்லை.

விண்ணப்பம் போட்ட கதையும் அப்படி ஒன்றும் பெரிதில்லை. போன மாதம் அந்தக் கல்லூரி நூலகருக்கு மூக்குத் தாங்கி மாற்றிய கண்ணாடியைக் கொடுக்கப் போனாள். ஒற்றை மாடிக் கட்டடம், சைக்கிள் ஷெட், நான்கைந்து துறைகள், அவ்வளவுதான் கல்லூரி. வகுப்பெல்லாம் காலை ஏழரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். கடையிலோ கூட்டம் கூடுவதே சாயங்காலத்துக்கு மேல்தான். அலுவலக மேஜையில் விண்ணப்பப் படிவங்கள் அடுக்கியிருந்தன. கை தானாகப் போய் ஒன்றை எடுத்தது. "யாருக்குங்க?" என்று எழுத்தர் கேட்டார். "வீட்டுல" என்று சொல்லி வைத்தாள்.

அதைக் கடை மேஜையிலேயே அரை மணி நேரத்தில் நிரப்பி மறுநாளே கொடுத்துவிட்டும் வந்தாள். படிவம் நிரப்புவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பள்ளிக்கூடச் சேர்க்கை, பஸ் பாஸ், தடுப்பூசி, சுற்றுலா அனுமதி, உதவித்தொகை என்று இரண்டு பிள்ளைகளுக்கும் பதினாறு வருஷமாக எழுதி எழுதித் தேய்ந்த கை அது. அப்படிப்பட்ட கை என்ன குளறுபடி செய்திருக்க முடியும் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு, விரலிடுக்கில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இனியும் சொல்லாமல் இருக்க முடியாது.

"என்னங்க, ஒரு விஷயம். காலேஜுக்கு விண்ணப்பம் போட்டிருக்கேன்."

"சின்னவனுக்கா? அவன் இன்னும் ஒம்பதாவதுதானே?"

"எனக்கு."

"உனக்குன்னா?"

"எனக்குன்னா எனக்குத்தான். இயற்பியல்."

மூத்தவன் அறைக்குள்ளிருந்து தலையை நீட்டினான். "அம்மா, இயற்பியலா? எங்க காலேஜ்ல அந்தப் பக்கம் போனவங்கல்லாம் பேயறைஞ்ச மாதிரிதான் திரும்பி வர்றாங்க. அப்ப இனிமே நீ எனக்கு ஜூனியரா?"

"உள்ள போடா."

வீட்டுக்காரர் துணியை மடித்து வைத்தார். "எதுக்கு?" என்றார்.

கோபமாகவெல்லாம் கேட்கவில்லை. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் முதலில் என்ன கேட்பாரோ அதே குரல்தான். கேட்டால் பதில் வந்தாக வேண்டும் என்கிற குரல். கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் அவளிடம் பதில் தயாராக இருக்கும். இதற்குத்தான் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். சம்பளம் கூடுமா என்றால் கூடாது. வேறு வேலைக்குப் போகப் போகிறாளா என்றால் இல்லை. ஆசை என்று சொல்லலாம்தான். நாற்பத்திரண்டு வயதில் அந்தச் சொல்லைச் சொல்ல வாய் கூசியது.

"தெரியலங்க."

"எதுக்குன்னே தெரியாம யாராச்சும் விண்ணப்பம் போடுவாங்களா?"

"என்னைக் கட்டிக்கிட்டப்ப மட்டும் எதுக்குன்னு தெரிஞ்சா கட்டிக்கிட்டீங்க?"

உள்ளே மூத்தவன் சிரித்தது கேட்டது. "அது வேற" என்றார் வீட்டுக்காரர்.

"நாளைக்குப் பொண்ணைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

"எந்தப் பொண்ணை?"

"அது போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"எனக்கு ஒரு எழவும் புரியல."

"எனக்கும்தான்."

அன்று சாயங்காலம் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, தன் பழைய சர்டிபிகேட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பத்தே முக்காலுக்கே போய்விட்டாள். அலுவலக அறையில் இரண்டு மேஜை, ஒரு மின்விசிறி, கூரை வரைக்கும் கோப்புகள். முன்னால் இருந்த பெற்றோர்களை ஒவ்வொருவராக அனுப்பிவிட்டு எழுத்தர் அவளைக் கூப்பிட்டபோது பதினொன்றரை ஆகிவிட்டது. படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். சிவப்புப் பென்சில் வட்டங்கள் அம்மை போட்டது மாதிரி இருந்தன.

"பாருங்கம்மா. பொண்ணு போட்டோ ஒட்டுற இடத்துல உங்க போட்டோ. பொண்ணு பேரு கேட்டா உங்க பேரு. பொண்ணு பொறந்த தேதி கேட்டா உங்க பொறந்த தேதி. நாப்பத்திரெண்டு வயசுப் பொண்ணை நான் எந்தக் கிளாஸ்ல உக்கார வைக்கிறது? உங்க மேல தப்பு சொல்லல. பதற்றத்துல அம்மாங்க பண்றதுதான். வருஷத்துக்கு நாலு பேராவது இப்படித்தான்."

அவள் படிவத்தின் அடியைப் பார்த்தாள். இடது பக்கம் 'மாணவர் கையொப்பம்' என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. வலது பக்கம் 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்து, கொக்கி போட்டு, கீழே கோடு இழுத்து, அத்தனை தெளிவாக இருந்தது. 'மாணவருக்கு என்ன உறவு' என்பதற்கு நேராக, 'தாய்'. 'தாயின் பெயர்' என்ற இடத்திலும் தன் பெயரையே எழுதியிருந்தாள். பதினாறு வருஷத்துப் பழக்கம். கை தன் பாட்டுக்கு வலது பக்கம் போயிருக்கிறது. மனசு அங்கே இருந்ததா என்பது கைக்கே தெரியாது.

"சார், அது வந்து…"

"மாத்திடலாம், பயப்படாதீங்க. முதல்ல மேடத்தைப் பாருங்க. அவங்க பேசித் திருப்தியாகணும்" என்று எழுத்தர் படிவத்தைக் கையில் திணித்து அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டார்.

இயற்பியல் துறைத் தலைவிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மேஜை முழுக்கச் சோதனைக்கூடப் பதிவேடுகள். "பொண்ணு வரலையா?" என்றார்.

"வந்திருக்கா மேடம்." பொய்யில்லையே என்று அவளுக்குள்ளேயே ஒரு குரல் சொன்னது.

"வெளியில நிக்கட்டும். முதல்ல உங்ககிட்டப் பேசறேன். இங்க மொத்தமே பன்னெண்டு இடம். பாதிப் பேர் நடுவுல விட்டுட்டுப் போயிடறாங்க. அதான் கேட்டுட்டுத்தான் சேர்க்கிறேன். இந்தப் பொண்ணை எதுக்கு இயற்பியல்ல சேர்க்கணும்?"

எதுக்கு. நேற்று வீட்டில் கல்லாய் நின்ற அதே சொல். ஆனால் இன்று பெண்ணைப் பற்றியல்லவா கேட்கிறார்கள்? பிள்ளைக்காகப் பேசுவதென்றால் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எத்தனை தலைமை ஆசிரியர்களிடம், எத்தனை ஜன்னல்களில் நின்று பேசியிருக்கிறாள்! வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நல்லாப் படிக்கிற புள்ள மேடம். பன்னெண்டாவதுல இயற்பியல்ல எம்பத்தொம்பது சதவீதம். வாத்தியாரே கூப்பிட்டுச் சொன்னாரு, இவளை நிறுத்திடாதீங்கன்னு. வீட்டுல நிலைமை சரியில்ல, நிறுத்திட்டோம். அவ ஒரு வார்த்தை கேக்கல. அதான் எனக்கு மனசு ஆறல. கேட்டிருந்தாலாவது திட்டியிருக்கலாம். ஒரு லென்ஸைக் கையில கொடுத்தா போதும் மேடம், திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே இருப்பா. மூக்குக்கண்ணாடிக்குப் போடற சிலிண்டர் லென்ஸைக் கொஞ்சம் திருப்பினா எதிர்ல இருக்கிற கதவு நிலை சாயுது, இன்னும் திருப்பினா திரும்ப நிமிருது. அது ஏன்னு அவளுக்குத் தெரியணும். எத்தனை டிகிரில வைக்கணும்னு தெரியும். ஆயிரம் பேருக்கு வச்சிருக்கா. ஏன்னு மட்டும் தெரியாது. யாருகிட்டயும் கேக்கவும் மாட்டா, வேலை தெரிஞ்சவளுக்கு இது தெரியாதான்னு சிரிப்பாங்களேன்னு. நடுவுல விட்டுட்டுப் போற ரகம் இல்ல மேடம். ரெண்டு மாசம்னு போன வேலையிலயே இருபத்துநாலு வருஷம் இருந்தவ."

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. துறைத் தலைவி பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை வருஷம்?"

"இருபத்துநாலு."

"கூப்பிடுங்க அந்தப் பொண்ணை."

"நான்தான் மேடம்."

துறைத் தலைவி படிவத்தை வாங்கி மேலிருந்து மறுபடி படித்தார். போட்டோ சரி. பெயர் சரி. பிறந்த தேதி சரி. சிவப்பு வட்டம் போட்டவற்றில் முக்கால்வாசி சரியாகவே இருந்தன. வட்டம் போடாத அடிப்பகுதிதான் தப்பு. வாசலைப் பார்த்து எழுத்தரைக் கூப்பிட்டார்.

"ஏங்க, இவங்கதான் மாணவி."

"அப்ப அம்மா?"

"அவங்களும் இவங்கதான்."

எழுத்தர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பெற்றோர் கையெழுத்து இல்லாம பட்டியல்ல ஏத்த முடியாது மேடம். உங்க அப்பா அம்மா யாராச்சும் இருக்காங்களாம்மா?"

"அப்பா இல்ல. அம்மா அண்ணன் வீட்டுல இருக்காங்க. வண்டி பிடிச்சு வந்தாலும் சாயங்காலம் ஆயிடும்."

"வீட்டுக்காரர்?"

"அவரு எனக்குப் பெற்றோர் இல்லையே சார்."

"அதுவும் வாஸ்தவம்தான்" என்று எழுத்தர் தலையைச் சொறிந்தார். முதல்வர் அறைக்குப் போனார், விதிப் புத்தகத்தோடு வந்தார், இரண்டு பேருமாகப் புரட்டினார்கள். வயது வரம்பு என்று எங்கும் இல்லை. பெற்றோர் இல்லாவிட்டால் பாதுகாவலர் என்று இருந்தது. பாதுகாவலர் என்றால் யார் என்று இல்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால். அவள் நின்றுகொண்டே இருந்தாள். மாணவியாக நிற்பதா, தாயாக நிற்பதா என்று தெரியாமல் கைப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் துறைத் தலைவிக்குப் பொறுமை போயிற்று. படிவத்தின் ஓரத்தில், 'மாணவி வயது வந்தவர். தனக்குத் தானே பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"இதை ஆடிட்டுல கேப்பாங்க மேடம்" என்றார் எழுத்தர்.

"என்னைக் கேக்கச் சொல்லுங்க."

பேனா அவள் கைக்கு வந்தது. கை மறுபடியும் வலது பக்கமே போயிற்று. "அங்க இல்லம்மா" என்று எழுத்தர் பதறினார். துறைத் தலைவி இடது பக்கக் கோட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். விரலுக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். கொக்கி சரியாக வரவில்லை. அந்தப் பக்கம் போட்டுப் பழக்கமில்லாத கை.

எழுத்தர் முத்திரை குத்தி ரசீதைக் கிழித்தார். "திங்கக்கிழமை ஏழரைக்கு வகுப்பு. அன்னைக்கே பெற்றோர் கூட்டமும் இருக்கு, மாணவர் கூட ஒருத்தர் கண்டிப்பா வரணும்." சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிஷம் விழித்தார். "யாரையாவது கூட்டிட்டு வாங்கம்மா. யாருன்னு என்னைக் கேக்காதீங்க."

வெளியே சைக்கிள் ஷெட் பக்கம் நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"கிடைச்சுதா?" என்றார் எடுத்த எடுப்பில்.

"கிடைச்சுது."

மோட்டார் சத்தம் நின்றது. அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"அந்தப் பொண்ணு யாருன்னு தெரிஞ்சுதா?"

"நான்தானாம். கையெழுத்தை இடம் மாத்திப் போட்டுட்டேன்."

"நீயா? படிவத்துலயா?" என்றார். இடம் கிடைத்ததைவிட இதுதான் அவருக்கு அதிசயமாக இருந்தது போலிருக்கிறது.

"திங்கக்கிழமை ஏழரைக்குப் பெற்றோர் கூட்டமாம். கூட யாராச்சும் வரணுமாம். நீங்க வர்றீங்களா?"

"வந்தா உறவுன்னு என்ன எழுதுவ? அதுக்குன்னு ஒரு இடம் விட்டிருப்பாங்களே."

"தெரியலங்க."

"எதுக்குன்னும் தெரியல, என்ன உறவுன்னும் தெரியல" என்றார். பக்கத்தில் யாரிடமோ, "திங்கக்கிழமை காலையில நீ பாத்துக்க, நான் பத்து மணிக்கு மேலதான் வருவேன்" என்று சொன்னது காதில் விழுந்தது. பிறகு போனில், "ஆமா, நான் என்ன எடுத்துட்டு வரணும்? பேனா நோட்டு ஏதாவது வேணுமா?" என்று கேட்டார்.

அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. கேட்டு வருகிறேன் என்று மறுபடி உள்ளே போனாள்.