குட்டி வாலாட்டியதால் வந்த சந்தேகம்

எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கம். நானும் கணவரும் பகலெல்லாம் கழனியில் இருப்போம் என்பதால், வீட்டுக் காவலுக்கு ஒரு நாய்க்குட்டி வளர்த்தேன். வெளியாள் வந்தால் குரைக்கவேண்டும் என்று பழக்கினேன். நன்றாகவே பழகியது, தபால்காரரைக்கூட விடாது.

ஒருநாள் உடம்பு முடியாமல் வீட்டிலேயே இருந்தேன். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். என்னைக் கண்டதும் சற்றுத் தடுமாறி, “இந்த ஊருக்கு இப்பத்தாம்மா மொத தபா வரேன்” என்றார். குட்டி குரைக்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு ஓடி, அவர் சட்டைப்பையை முகர்ந்தது.

“மொத தபான்ற. நாய் இன்னாத்துக்குய்யா உன் பையைத் தேடுது?” என்று கேட்டேன்.

“வாயில்லா ஜீவன்மா” என்று சிரித்தவர், பாத்திரம் இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் நடையைக் கட்டினார்.

புழக்கடைக்குப் போய்ப் பார்த்தேன். கதவருகே பொறை பிஸ்கட் துண்டுகள் கிடந்தன. பூட்டு மாட்டும் நாதாங்கி ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று முதல், என் கையால் தவிர யார் கொடுத்தாலும் தின்னாதபடி குட்டியைப் பழக்குகிறேன். அது யாரைப் பார்த்து வாலாட்டுகிறது என்பதையும் கவனிக்கிறேன். குட்டி வந்தபிறகு முதன்முறையாக, போன வாரம் என் கொழுந்தனார் வந்தார். வாலாட்டியது. அவர் ஊருக்குக் கிளம்பும்வரை நான் புழக்கடையை விட்டு நகரவில்லை.