பெடல் இல்லாமல் இறங்கிய 63

கோமதியின் முதுகில் ஊக்கு போட்டுக் குத்தியிருந்த எண் 63. மற்ற அறுபத்திரண்டு பேரும் வட்டவடை மலைச்சரிவு சைக்கிள் பந்தயத்துக்கு இரண்டு மாதம் முன்பே பெயர் கொடுத்தவர்கள். கோமதி பெயர் கொடுத்தது பந்தயம் தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு.

வயது நாற்பத்தொன்று. கோவிலூருக்கு மேலே, படிகளாக வெட்டிய சரிவில் அரை ஏக்கர் கேரட்டும் கொஞ்சம் பூண்டும் அவருடையவை. அங்கிருந்து ஜீப் நிற்கும் சாலைக்கு இரண்டு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. மூட்டைகளைக் கோவேறு கழுதையில்தான் இறக்குவார்கள். அறுவடை நாளில் கழுதைகள் முதலில் போவது பெரிய தோட்டங்களுக்கு. போன மழையில் இரண்டு ஞாயிறு அவருடைய கேரட் ஜீப்பைத் தவறவிட்டது. வாராவாரம் வாங்கும் மூணாறு கடைக்காரர், மூன்றாவது முறை வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அதன் பிறகுதான் வண்டி செய்தார். பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி முதலில் பெடலைக் கழற்றினார். மேட்டில் தள்ளும்போது அது கெண்டைக்காலைக் கிழித்தது, இறக்கத்தில் பாதையோரக் கல்லில் இடித்தது. பெடல் போனதும் சங்கிலிக்கு வேலையில்லை. சீட் இருந்த இடத்தில் மூட்டைக்கு ஒரு பலகை. பின்னால் நின்றுகொண்டு இறங்க இன்னொரு பலகை. பாரம் தாங்க, பின்பக்கம் மொபெட்டின் குட்டிச் சக்கரமும் அதன் பிரேக்கும். ஒரு சக்கரம் பெரிது, ஒன்று சிறிது. அழகாக இருக்கிறது என்று கோமதியும் சொன்னதில்லை.

பந்தயமும் அதே ஒற்றையடிப் பாதையில்தான். முந்தைய நாள் ஒத்திகைக்கு வந்தவர்கள் அதைச் சுற்றி நின்று படம் பிடித்தார்கள். மாலைக்குள் கொச்சி சைக்கிள்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ‘கேரளத்தின் அவலட்சண சைக்கிள்’ என்று வீடியோ வந்துவிட்டது. சைக்கிளையே பார்க்காத ஒருவருக்கு போனில் விவரம் சொல்லிச் செய்யவைத்தது போல இருப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். அதைக் காட்டியது ஜோஜோ. சூரியநெல்லி எஸ்டேட்டில் பிறந்தவர், பந்தயத்தை நடத்தும் குழுவில் உள்ளூர் ஆள். கோமதி கடைசிவரை பார்த்தார். பிறகு, முட்டைக்கோஸ் பாத்தியில் சாய்த்துப் போட்டிருந்த விலையுயர்ந்த சைக்கிள்களைக் காட்டினார்.

“ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, மட்கார்டு இல்ல. சேறெல்லாம் முதுகுல. இதுல என்னதான் தம்பி ஏத்துவாங்க?”

“ஆளு மட்டுந்தான்க்கா.”

“ஆளு நடந்தே வந்துரலாமே.”

மறுநாள் ஞாயிறு. காலை ஏழே காலுக்கு இரண்டு மூட்டையோடு கோமதி வந்தபோது பாதையின் தலையில் கயிறு கட்டியிருந்தது. பன்னிரண்டு மணிவரை, எண் வாங்கிய சைக்கிள்களுக்கு மட்டும்தான் அனுமதி. கயிற்றருகே ஜோஜோ. மூணாறுக்கு மூட்டை ஏற்றிப் போகும் வீரபாண்டியின் ஜீப் எட்டரைக்குக் கிளம்பிவிடும். மத்தியானத்துக்கு மேல் வேறு வண்டி கிடையாது.

கோமதி கெஞ்சவில்லை. ஒரு எண் கேட்டார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜோஜோ குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, இது சைக்கிளே இல்லக்கா. பெடல் எங்க?”

“இறக்கத்துல எவன் தம்பி பெடல் மிதிக்கிறான்? நேத்துப் பூரா பாத்தேன். எல்லாரும் பெடல்ல நின்னுக்கிட்டுத்தான் போறாங்க. நான் பலகைல நிக்கிறேன்.”

ஜோஜோ விதிகள் அச்சிட்ட தாளை எடுத்தார். இரண்டு சக்கரம் வேண்டும், பிரேக் வேண்டும், ஹெல்மெட் வேண்டும். பெடல் வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. பெடல் இல்லாமல் ஒருவர் வருவார் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. தாளை இரண்டு முறை படித்துவிட்டுத் தன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தார். யாருக்கும் இடைஞ்சல் ஆகாமல் கடைசியாக இறங்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

அரை நிமிடத்துக்கு ஒருவராக விட்டார்கள். கோமதியின் முறை வந்தபோது மணி எட்டைத் தாண்டியிருந்தது. நேரான இடங்களில் பலகையில் நின்றார். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, பிரேக்கைப் பிடித்தபடி நடந்தார். முதலில் வந்தவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. கோமதிக்கு இருபத்தொன்று. கீழே நின்ற கூட்டம் விசிலடித்தது. கேமராவோடு எதிரே வந்தவர்களிடம் ஜீப்புக்குப் போக வழிவிடச் சொன்னார். மூட்டைகள் இரண்டும் ஏறின. வீரபாண்டி வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அதன் பிறகுதான் கோமதி ஹெல்மெட்டைக் கழற்றினார். ஒலிபெருக்கியில் அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அந்த வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு நடத்தி ‘அவலட்சண சைக்கிள்’ விருது முடிவாகியிருந்தது. ஒரு கோப்பையும் தயாராக இருந்தது. மேடையில் நின்றவர் மலையாளத்தில் அதைச் சொல்லி நீட்டினார். கோமதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அவலட்சணம்னு குடுத்தா வாங்க மாட்டேன். கடைசியா வந்தேன்னு குடுங்க, வாங்கிக்கிறேன். அது நெசம்.”

கடைசியாக வருபவருக்கு அவர்களிடம் கோப்பை இல்லை. கோமதி வண்டியைத் திருப்பி, மேட்டில் தள்ளிக்கொண்டு போனார். சிரித்தவர்களில் இரண்டு பேர் பாதி தூரம் கூடவே போய், மொபெட் பிரேக்கை எப்படிப் பொருத்தினார் என்று விசாரித்தார்கள். விளக்கிச் சொன்னார். வீடியோவை எடுத்துவிடுமாறு அவர் கேட்கவில்லை. அது இன்னும் இருக்கிறது.

கேரட் மூணாறு போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் அடுத்த ஞாயிறும் கேட்டிருக்கிறார். அடுத்த ஆண்டுப் பந்தயத்துக்கான விதிகளில் பெடல் கட்டாயம் என்று புது வரி சேர்ந்திருக்கிறது. எந்தப் பந்தயத்துக்காகவும் அறுவடை நாளில் பாதையை மூடக்கூடாது என்று கோமதி பஞ்சாயத்துக்கு மனு எழுதியிருக்கிறார். மலையாளத்தில் அதை எழுதித் தந்தது ஜோஜோ. கீழே பதினெட்டு கையெழுத்து. ஜனவரி கடைசி வாரம் கிராம சபையில் மனு விசாரணைக்கு வருகிறது.