கார்டில் அவள் படம்

புதிய ரேஷன் கார்டு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமியார் காலமான பிறகு, குடும்பத் தலைவி என்று என் ஓரகத்தியின் படத்தைப் போட்டிருந்தார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே அடுப்பு, அதனால் ஒரே கார்டு. அதற்காக என்னைவிட நான்கே வயது மூத்தவள் எனக்குத் தலைவியா?

வயிறெரிந்து, சண்டை போட்டு, தனி அடுப்பு வைத்து, எங்கள் பெயர்களை நீக்கி, என் படம் போட்ட கார்டு வாங்கினேன். ரேஷன் கடை வரிசையில் நாலு பேர் பார்க்கும்படி அதைக் கையிலேயே வைத்திருந்தேன். அரசு மருத்துவக் காப்பீடு பழைய கார்டோடு அவளிடமே தங்கிவிட்டது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"வருமானச் சான்று வாங்கிக்கிட்டு தருமபுரி போயி போட்டோ எடுத்தா உனக்கும் அட்டை குடுப்பாங்க. நானும் கூட வரேன், வா" என்று அவளே கூப்பிட்டாள்.

"நீங்க எதுக்குங்க்கா? எனக்கு வழி தெரியும்" என்றேன். போகவேயில்லை.

பிறகு கொரோனா வந்தது. காப்பீட்டு அட்டை இருந்தால் தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம் என்று அறிவித்தார்கள். அது யார் கொண்டுவந்த திட்டம் என்று டிவியில் இரண்டு கட்சிக்காரர்களும் அடித்துக்கொண்டார்கள். அட்டை கொடுக்கும் அலுவலகமோ ஊரடங்கில் பூட்டிக் கிடந்தது.

அந்த வாரமே அண்ணனும் தம்பியும் காய்ச்சலில் விழுந்தார்கள். அவள் புருஷன் அட்டையைக் காட்டிச் சேலம் ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுத்தார். என் கணவருக்கு அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்த பிறகுதான் கட்டில் கிடைத்தது. அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே, அவள் அட்டை செல்லாமல் போகட்டும் என்று மாதாவிடம் வேண்டினேன். வெட்கமில்லாமல் வேண்டினேன்.

மூன்றாம் நாள் அது பலித்தது. அட்டைக்கு இன்னும் அனுமதி வரவில்லை, முன்பணம் கட்டுங்கள் அல்லது அழைத்துப் போங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். மூச்சிரைத்துக்கொண்டிருந்த மனிதரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து, அவள் எங்கள் வார்டு வாசலில் நின்றாள்.

"கொஞ்சம் தேறுனவங்க யாராச்சும் சேருக்கு மாறுவீங்களா? இவருக்கு ஒடனே ஆக்சிஜன் வெக்கணும்" என்று நர்ஸ் கேட்டார்.

என் கணவருக்கு முந்தின நாளே ஆக்சிஜனை எடுத்துவிட்டிருந்தார்கள். இருந்தும் போர்வையை அவர் கழுத்துவரை இழுத்துவிட்டேன்.

"இவருக்கு இன்னும் மூச்சு வாங்குதுங்க சிஸ்டர்" என்றேன்.

சும்மா தொங்கிய ஆக்சிஜன் குழாயைப் பார்த்துவிட்டு அவள் என்னையே பார்த்தாள்.

அவர்தான் போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எங்கண்ணன மொதல்ல படுக்க வைங்க" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்கு நடந்தார்.

இருவரும் பிழைத்தார்கள். அன்று நான் சொன்ன பொய்யை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, தன் புருஷனிடம்கூட. அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று எனக்கு இப்போதும் எரிகிறது.